சீருடற்பயிற்சி: வித்தையா, விளையாட்டா?

கழைக்கூத்து என்னும் சொல் தமிழிலே பழமை வாய்ந்தது. மூங்கிற்கழை நட்டு, கயிறு கட்டி, அதன்மேல் நடந்தும் தாவியும் ஆடிய கூத்தரை ஊரார் சூழ்ந்து நின்று பார்த்தனர், வாய்பிளந்து வியந்தனர், வியப்பு அடங்கியதும் சில காசுகளை வீசிவிட்டு வீடு திரும்பினர். அக் கூத்தரின் உடற்றிறனைத் தம் பிள்ளைகள் பயிலத்தக்க ஒரு கல்வியாக எண்ணினோர் மிகச் சிலரே. ஜிம்னாஸ்ரிக் எனப்படும் சீருடற்பயிற்சியைப் பற்றித் தமிழ் மக்களிடையே உலவும் தப்பெண்ணங்களிற் பல, இந்தப் பழைய பார்வையின் வழிவந்தவையே. அது சேர்க்கஸ் வித்தை என்பர் சிலர். பெண்பிள்ளைகளின் துள்ளாட்டம் என்பர் வேறு சிலர். எலும்பில்லாதவன் போல் வளைபவனுக்கே அது கைகூடும் என்றும், அதனைப் பயிலும் பிள்ளை வளராது குறுகிப்போகும் என்றும், பதினாறு வயதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் கூறுவாரும் உளர். இவற்றுள் சில வெறும் அறியாமை. சில பாதி உண்மை. பாதி உண்மைகளே கூடுதலான தீங்கு விளைப்பவை.

முதலில் பெயரின் வரலாறு. 'ஜிம்னொஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆடையற்ற நிலை என்பது பொருள். பண்டைக் கிரேக்க இளைஞர் ஆடை களைந்து உடற்பயிற்சி செய்த இடம் 'ஜிம்னேசியன்' எனப்பட்டது. அது மல்லுக்கும் ஓட்டத்துக்கும் மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. பிளேட்டோ கற்பித்த அக்கடமியும், அரிஸ்டோட்டில் கற்பித்த லைசியமும் அத்தகைய பயிற்சித்தலங்களை அடுத்து அமைந்தவையே. உடம்பைப் பயிற்றுவதும் அறிவைப் பயிற்றுவதும் ஒரே மரநிழலில் நடைபெற்ற காலம் அது.

இன்று காணப்படும் விளையாட்டோ கிரேக்கத்திலிருந்து நேரே வந்ததன்று. அது ஜேர்மன் நாட்டிலே பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றது. பள்ளியாசிரியரான கூட்ஸ்மூத்ஸ் என்பார் இளைஞர்க்கான உடற்பயிற்சி பற்றிய நூலை 1793ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்குப் பின்வந்த பிரீட்ரிக் லூட்விக் யான் என்பார், 1811இல், பேர்ளின் நகரின் புறத்தே ஹாசன்ஹைடே என்னும் இடத்தில் திறந்தவெளிப் பயிற்சித்தலம் ஒன்றை அமைத்தார். நெப்போலியனிடம் தோல்வியுற்றுத் தலைகுனிந்து நின்ற பிரஷ்ய நாட்டின் இளைஞர்க்கு மீண்டும் உடலுரமும் மனவுரமும் ஊட்டுதலே அவருடைய நோக்கமாகும். குதிரைவீரர் ஏறியிறங்கிப் பழகிய மரக்குதிரையும், கிடைச்சட்டமும், சமாந்தரச் சட்டங்களும் அங்கே இடம்பெற்றன. இளைஞர் ஒன்றுகூடிய இடத்தில் அரசியலும் கூடிற்று. ஆட்சியாளர் அஞ்சினர். 1819இல் யான் சிறைப்பட்டார். அடுத்த ஆண்டில் பிரஷ்யாவிற் பொதுவிடப் பயிற்சிகள் தடைசெய்யப்பட்டன. அத்தடை 1842ஆம் ஆண்டுவரை நீடித்தது. இரும்புச் சட்டத்தில் தொங்கும் இளைஞனைக் கண்டு ஓர் அரசு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடுங்கியது என்பது வேடிக்கையான செய்திதான். ஐரோப்பியச் சங்கங்கள் 1881இல் பெல்ஜிய நாட்டின் லியேஜ் நகரிற் கூடி ஒரு சம்மேளனம் அமைத்தன. அதுவே பின்னர் அனைத்துலகச் சம்மேளனமாக வளர்ந்தது. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே சீருடற்பயிற்சி இடம்பெற்றுவிட்டது.

இந்த வரலாற்றை அறிந்தவர்க்கு, இது பெண்பிள்ளைகளின் ஆட்டம் என்ற கூற்று நகைப்பையே தரும். ஒலிம்பிக் களத்திற் பெண்கள் இதில் முதன்முதலாகப் போட்டியிட்டது 1928ஆம் ஆண்டில், அம்ஸ்ரர்டாம் நகரிலாகும். அதற்கு முந்திய முப்பத்திரண்டு ஆண்டுகளும் அது ஆடவர்க்கே உரியதாக இருந்தது. இன்றும் ஆடவர்க்கு ஆறு பிரிவுகள் உண்டு: தரைப்பயிற்சி, பிடிகள் பொருத்திய குதிரை, வளையங்கள், தாவுதல், சமாந்தரச் சட்டங்கள், கிடைச்சட்டம் என்பன அவை. பெண்களுக்குத் தாவுதல், ஏற்றத்தாழ்வுடைய இரு சட்டங்கள், சமநிலை உத்தரம், தரைப்பயிற்சி என நான்கே. யப்பான் நாட்டின் கோஹெய் உச்சிமுரா, 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் விழாவின் ஒட்டுமொத்த முதலிடத்தைப் பெற்றவர். அனைத்துலகப் போட்டியில் அதே முதலிடத்தை ஆறு முறை பெற்றவர். இவ்விளையாட்டின் வரலாற்றில் மிகச் சிறந்தோர் யாவர் என்ற விவாதம் எழும்போதெல்லாம் அவருடைய பெயர் தவறாது எழும்.

வளைதல் பற்றிய எண்ணமும் இவ்வாறே. உடம்பு வளையவேண்டும் என்பது மெய். ஆனால் வளைவதால் மட்டும் ஒருவன் வளையத்தில் நிற்க முடியாது. தரையிலிருந்து ஏறக்குறைய 2.80 மீற்றர் உயரத்தில் இரு வளையங்கள் கயிற்றிலே தொங்குகின்றன. அவற்றைப் பற்றிய வீரன் இரு கைகளையும் தோளுக்கு நேராக விரித்து, உடம்பு சிலுவைவடிவிற் தோன்ற அசையாது நிற்றல் வேண்டும். இரண்டு வினாடி நின்றாலே அது கணக்கிற் கொள்ளப்படும். வளையங்களோ எந்தப் பக்கமும் நழுவுவன. உடம்பின் பாரம் முழுவதையும், கைகளை விரித்த நிலையில், தோளும் மார்பும் தாங்கவேண்டும். சோவியத் நாட்டின் ஆர்மேனியரான அல்பேர்ட் அசாரியன், 1956இலும் 1960இலும் இப்பிரிவில் தங்கப்பதக்கம் வென்றவர். சிலுவைநிலையில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்காட்டிய அவருடைய அசைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய தோள்களைப் பார்த்தவர் எவரும் எலும்பில்லா உடம்பு என்று சொல்லியிருக்கமாட்டார்.

இனி, சேர்க்கஸ் என்ற குற்றச்சாட்டு. சேர்க்கஸ்காரரின் திறமையை இகழ்வதற்கில்லை. எனினும் இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சேர்க்கஸ்காரர் பார்ப்போரை மகிழ்விக்கிறார். கால் சிறிது தடுமாறினாலும் ஒரு புன்னகையால் அதனை மறைத்துவிடலாம். சீருடற்பயிற்சியில் அந்தத் தடுமாற்றத்துக்கு விலை உண்டு, அவ்விலை எழுதப்பட்டும் இருக்கிறது. முன்னாளில் 10 என்பதே உச்சப் புள்ளியாக விளங்கியது. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் விழாவில், ருமேனியாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி நாடியா கொமனேச்சி, ஏற்றத்தாழ்வுச் சட்டங்களில் ஆடி முடித்தபோது பலகையிலே 1.00 என்ற எண் தோன்றிற்று. கூடியிருந்தோர் திகைத்தனர். எவரும் முழுப்புள்ளி பெறமாட்டார் என்ற நம்பிக்கையால், தசமப்புள்ளிக்கு முன் ஓர் இலக்கத்துக்கே அப்பலகையில் இடம் விடப்பட்டிருந்தது! அவ்விழாவில் அவர் ஏழு முறை 10 புள்ளி பெற்றார்.

2006ஆம் ஆண்டு முதல் அந்த முறை மாறிற்று. இப்பொழுது இரு கணக்குகள் தனித்தனியே இடப்படுகின்றன. ஒன்று, அசைவுகளின் கடினத்துக்குரியது. ஒவ்வோர் அசைவும் என்ன பெறும் என்பது விதிநூலில் வரையறுக்கப்பட்டுள்ளது. கூடுதற் கடினமானவற்றைச் செய்பவர் கூடுதலாகப் பெறுவர். இக்கணக்குக்கு மேலெல்லை இல்லை. மற்றையது செய்நேர்த்திக்குரியது; அது 10இல் தொடங்கிக் குறைந்துகொண்டு வரும். முழங்கால் சிறிது மடங்கினால் 0.1 போகும், குற்றம் பெரிதானால் 0.3 அல்லது 0.5, கீழே விழுந்தால் முழுதாக ஒரு புள்ளி. செய்நேர்த்தியைப் பல மத்தியஸ்தர் தனித்தனியே மதிப்பிடுவர். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு எஞ்சியவற்றின் சராசரி எடுக்கப்படும். ஆகையால் மத்தியஸ்தரின் மனம்போனபடி புள்ளி வழங்கப்படுகிறது என்ற கூற்று முற்றும் பொருந்தாது. மனிதர் பிழைவிடுவர், 2004இல் ஏதென்ஸ் விழாவில் எழுந்த பெரும் பிணக்கே இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஆயினும் பிழை எங்கே நேர்ந்தது என்று இப்பொழுது சுட்டிக்காட்ட இயலும்.

அயல்நாடாகிய இந்தியாவின் திரிபுரா மாநிலத்திலே பிறந்த தீபா கர்மாக்கர் 2016இல் றியோ விழாவில் ஆடிய தாவுதல் இம்முறையின் இயல்பை நன்கு விளக்கும். முன்புறமாக இரு முறை குட்டிக்கரணம் சுழன்று தரையிறங்கும் மிகக் கடினமான தாவுதலை அவர் தேர்ந்தெடுத்தார். உலகில் அதனை முயன்ற பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அதன் கடினத்துக்கு உரிய பெரும்புள்ளி அவருக்குக் கிடைத்தது. தரையைத் தொட்ட வேளையில் உடம்பு மிகத் தாழ்ந்துபோனமையாற் செய்நேர்த்தியில் இழந்தார். முடிவில் வெண்கலப் பதக்கம் 0.15 புள்ளியால் தவறிற்று. நான்காமிடமே கிடைத்ததாயினும், தட்டைப்பாதத்தோடு பயிற்சி தொடங்கிய அப்பெண், ஒலிம்பிக் களத்தில் இறங்கிய முதல் இந்தியச் சீருடற்பயிற்சி வீராங்கனை என்ற பெயரைப் பெற்றார். இலங்கைக்கு அத்தகைய பெயரை ஈட்டியவர் மில்கா கெஹானி. 2021இல் நடந்த ரோக்கியோ விழாவில் அவர் போட்டியிட்டார்.

பெற்றோரை மிகவும் அச்சுறுத்துவது வளர்ச்சி பற்றிய எண்ணமே. தொலைக்காட்சியிற் காணும் வீராங்கனைகள் குள்ளமாக இருக்கிறார்கள். ஆகவே பயிற்சி குள்ளமாக்குகிறது என்று முடிவு கட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையவர். இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் புகழ்பெற்ற வீராங்கனை. வலைப்பந்து ஆடியதாலே அவர் உயர்ந்தார் என்று எவரேனும் சொல்வதுண்டா? உயர்ந்தவர்க்கு அந்த விளையாட்டு வாய்ப்பளிக்கிறது. குறுகியவர்க்கு இந்த விளையாட்டு வாய்ப்பளிக்கிறது. இதன் காரணம் பௌதிகவியலில் உள்ளது. ஓர் உடம்பைச் சுழற்றுவதற்கு எதிராக நிற்கும் தடை, அதன் பாரத்தையும் அப்பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தூரம் பரந்துள்ளது என்பதையும் பொறுத்தது. ஒருவரின் உயரமும், அதற்கேற்ப ஏனைய அளவுகளும், பத்திலொரு பங்கு கூடினால் அத்தடை ஏறக்குறைய 60 வீதம் கூடிவிடும். ஆகவே சிறிய உடம்பு விரைந்து சுழல்கிறது. போட்டிக்குப் போட்டி வடிகட்டப்பட்டு அத்தகையோரே உச்சியிற் காணப்படுகின்றனர். இதுவும் முழுவிதியன்று. ருஷ்யாவின் சுவெற்லானா கோர்க்கினா 165 சென்றிமீற்றர் அளவு உயர்ந்தவர்; அந்நீண்ட உடம்போடுதான் 1996இலும் 2000இலும் ஏற்றத்தாழ்வுச் சட்டங்களில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். இது குறித்து வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் ஒருங்கு திரட்டி 2013இல் நிபுணர் குழுவொன்று பரிசீலித்தது; பயிற்சியினால் முதிர்வயதின் உயரம் குறைவதாகக் கொள்வதற்குச் சான்றில்லை என்பதே அக்குழுவின் முடிபு.

ஆனால் இங்கேதான் அந்தப் பாதி உண்மை மறைந்திருக்கிறது. பயிற்சி குறுக்குவதில்லை, பட்டினி நலிவிக்கும். மெலிந்திருந்தாற் பறக்கலாம் என்று பிள்ளையின் உணவைக் குறைக்கும் பயிற்றுநர் பலநாடுகளில் இருந்திருக்கின்றனர். போதிய உணவின்றிக் கடும்பயிற்சி செய்யும் சிறுமிக்குப் பருவமடைதல் பின்தள்ளப்படலாம்; எலும்பு வலுவிழக்கலாம். அது விளையாட்டின் குற்றமன்று; நடத்துவோரின் குற்றம்.

அபாயம் பற்றிய கேள்வியும் இத்தன்மைத்தே. உயரத்திலிருந்து குதித்துத் தரையிறங்கும் கணத்தில், உடற்பாரத்தின் பத்து மடங்கை எட்டும் விசைகூடக் கால்களைத் தாக்குவதுண்டு. அதனாலேயே நல்ல பயிற்சிக்கூடத்தில் பிள்ளைக்கு முதலிற் கற்பிக்கப்படுவது பறப்பதன்று, விழுவது. முழங்காலையும் இடுப்பையும் மடித்து இறங்கினால் உடம்பு நிற்பதற்கு எடுக்கும் நேரம் நீள்கிறது. நேரம் நீளத் தாக்கும் விசை குறைகிறது. தரையெனத் தோன்றுவதும் வெறுந்தரையன்று. 12 மீற்றர் நீளமும் அதே அகலமுமுடைய அந்தச் சதுரத்தின் கீழே சுருள்விற்கள் உண்டு. புதிய அசைவொன்றைப் பயில்வோர் கடற்பஞ்சு போன்ற மென்துண்டுகள் நிரம்பிய குழியினுள் நூற்றுக்கணக்கான தடவைகள் விழுந்த பின்னரே பாய்க்கு வருவர். சமநிலை உத்தரம் 10 சென்றிமீற்றர் அகலமுடையது, 1.25 மீற்றர் உயரத்தில் நிற்பது. அதிற் சுழலும் பெண் முதலிற் தரையிற் கீறிய கோட்டிலும், பின்னர் தாழ்ந்த உத்தரத்திலும் மாதக்கணக்காகப் பழகியிருப்பாள்.

இந்தப் படிகளைத் தாண்ட நினைத்தவிடத்திலேதான் துயரம் நேர்ந்திருக்கிறது. சோவியத் நாட்டின் எலேனா முகினா 1978இல் உலக ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றவர். அடுத்த ஆண்டு அவருடைய கால் முறிந்தது. முறிவு செவ்வனே ஆறுமுன்னரே, மொஸ்கோ ஒலிம்பிக் விழா நெருங்குகிறது என்ற காரணத்தால், மீண்டும் கடும்பயிற்சியில் இறக்கப்பட்டார். ஆடவர்க்கென அமைந்ததும், கழுத்தை நோக்கி இறங்கி உருள்வதுமான ஓர் அபாயச் சுழற்சி அவர்மேற் சுமத்தப்பட்டது. அது தமக்கு ஆகாது என்று தாம் எச்சரித்ததாக அவரே பின்னாளிற் கூறினார். 1980 யூலை மாதம் 3ஆம் நாள், மின்ஸ்க் நகரிற் பயிற்சியின்போது, சுழற்சி முடியுமுன் நாடி தரையில் மோத விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. இருபது வயதில் கை கால் இயங்காதவராகிப் படுக்கையுற்ற அவர் 2006இல் மறைந்தார். அந்தச் சுழற்சி பின்னர் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அவரை வீழ்த்தியது சீருடற்பயிற்சி என்பதிலும், நோவைச் சொல்வது கோழைத்தனம் என்ற கொள்கை என்பதே பொருந்தும்.

அக்கொள்கை ஒரு நாட்டோடு நின்றதுமன்று. அமெரிக்காவில், தேசிய அணியோடு நெடுங்காலம் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் வீராங்கனைகளுக்கு இழைத்த பாலியற் கொடுமைகள் 2016இல் வெளிவந்தன. 2018இல் நடந்த தண்டனை விசாரணையில், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றிலே எழுந்து தம் துயரை உரைத்தனர். பெரியோர் செய்வதை வாய்திறவாது ஏற்கவேண்டும் என்று சிறுவயதிலேயே பழக்கப்பட்டமையே பலர் ஆண்டுக்கணக்கில் மௌனம் காத்ததற்குக் காரணங்களுள் ஒன்று. பிள்ளையைப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பும் பெற்றோர் கவனிக்கவேண்டியவை பதக்கங்களல்ல: பெற்றோர் உள்ளே வந்து பார்க்க அனுமதி உண்டா, 'நோகிறது' என்று பிள்ளை சொன்னால் பயிற்சி நிறுத்தப்படுகிறதா, பிள்ளையின் உணவைப்பற்றி அங்கே என்ன பேசப்படுகிறது என்பனவே.

இப்பின்னணியிற் பார்த்தால், சிமோன் பைல்ஸ் ரோக்கியோவிலே செய்தது எவ்வளவு பெரியது என்பது விளங்கும். உலகின் தலைசிறந்த வீராங்கனை எனப்பட்ட அவர், அணிப்போட்டியின் முதலாவது தாவுதலில் இரண்டரை முறை முறுக்கிச் சுழலவேண்டியவர், ஒன்றரை முறையோடு இறங்கினார். வானிலே தம் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வு அவரை விட்டகன்றிருந்தது. உட்காதும் கண்ணும் தசைகளும் ஒருங்கே அனுப்பும் செய்திகளாலேயே அவ்வுணர்வு அமைகிறது. அது குழம்பினால், ஏறக்குறைய ஒரு வினாடிப் பொழுதே நீடிக்கும் பறப்பில், தலை எங்கே தரை எங்கே என்று சிந்தித்தறிய அவகாசமில்லை. பைல்ஸ் விலகிக்கொண்டார். கோழை என்று ஏசினோர் பலர். வீட்டிலே சாய்ந்திருந்து ஏசுவது எளிது. மூன்றாண்டு கழித்து, 2024இல் பாரிஸ் விழாவுக்குத் திரும்பி மூன்று தங்கப்பதக்கங்களும் ஒரு வெள்ளிப்பதக்கமும் பெற்றார். முகினாவுக்கு மறுக்கப்பட்ட சொல்லை அவர் சொல்ல முடிந்தது. இருவர் கதைக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

வயது பற்றி ஒரு சொல். கொமனேச்சியின் வெற்றிக்குப் பின்னர் சிறுமியரே இதற்கு உரியர் என்ற எண்ணம் வேரூன்றிற்று. அதற்கு முன்னர் நிலைமை வேறு. ஹங்கேரி நாட்டு யூதப் பெண்ணான ஆக்னெஸ் கெலெற்றி, நாசிகளின் கொடுமைக்குப் பொய்ப்பெயரில் மறைந்து தப்பியவர். போரினால் இளமையின் போட்டிகளை இழந்தவர். அவர் 1956இல் மெல்பேண் விழாவில் நான்கு தங்கப்பதக்கங்கள் வென்றபோது வயது 35. சோவியத் வீராங்கனை லரீசா லத்தினினா, 1958இல் உலகப் போட்டியிற் கருவுற்ற நிலையிலேயே ஐந்து தங்கங்கள் பெற்றார். மிகச் சிறியோரைக் களத்திலிறக்கும் வழக்கத்தைத் தடுக்கும் பொருட்டுச் சம்மேளனம் பெண்களுக்கான குறைந்த வயதை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினாவோ வயதென்ற கணக்கையே குழப்பியவர். அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மருத்துவத்துக்காக ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டின் சார்பிற் போட்டியிட்டு, 2008இல் 33 வயதில் ஒலிம்பிக் வெள்ளி பெற்றார். மகன் நலமடைந்தான். 2021இல் ரோக்கியோவில், 46 வயதில், தம் எட்டாவது ஒலிம்பிக் விழாவிலே அவர் தாவி முடித்தபோது, களத்தில் நின்றோர் எழுந்து கைதட்டினர்.

புள்ளியும் பதக்கமும் இல்லாத ஒரு சீருடற்பயிற்சியும் உண்டென்பது இங்கு பலர் அறியாதது. 1953இல் றொற்றர்டாம் நகரில் தொடங்கிய உலக ஜிம்னாஸ்ராடா என்னும் விழா நான்காண்டுக்கு ஒருமுறை கூடுவது. அங்கே மத்தியஸ்தர் இல்லை. சிறுவரும், வேலைக்குச் செல்வோரும், பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டிமாரும் தத்தம் நாட்டுக் குழுக்களோடு வந்து பயின்றதை ஆடிக்காட்டித் திரும்புகின்றனர். 2023ஆம் ஆண்டில் அது, பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக் களத்தில் ஆடிய அதே அம்ஸ்ரர்டாம் நகரிற் கூடிற்று.